ஊழியப் பயிற்சியில் குணம் எங்கே உருவாகிறது?

வடசென்னையில் ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று எண்ணூர் வரைக்கும் போய்ப் பாருங்கள். இன்னொரு பக்கம் புளியந்தோப்பு, வியாசர்பாடி, பெரம்பூர். கோபுரம் வைத்த பழைய ஆலயங்களும் இருக்கும், மாடி அறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடக்கும் சபைகளும் இருக்கும். எந்தச் சபையை எடுத்தாலும் "நான் ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்திருக்கிறேன்" என்று சொல்லும் ஓர் இளைஞர் இருப்பார். இப்போது இளம்பெண்களும் உண்டு. ஒப்புக்கொடுப்பது என்றால் சபைப் பணிக்காகவே வாழ்வது, அதற்காக இறையியல் கல்லூரியில் படிக்கப் போவது. உடனே வீட்டில் கேள்வி வரும்: அங்கே போய் அப்படி என்னதான் படிப்பார்கள்? பைபிளை வீட்டிலேயே படிக்கலாமே?

பாடப் பட்டியலைக் கேட்டால் பதில் சுலபம். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, கிரேக்கம், எபிரெயம், சபை வரலாறு, பிரசங்கம் செய்யும் முறை, ஆலோசனை தருவது, பிற சமயங்கள். இறையியல் பட்டங்கள் தரும் செராம்பூர் செனட்டின் கீழ் இருக்கும் கல்லூரியில் பி.டி. (இறையியல் இளங்கலை) என்றால் நான்கைந்து வருடம். கத்தோலிக்கக் குருமாணவருக்கு இன்னும் நீளம். தயாரிப்பு ஆண்டு, தத்துவம், இறையியல், நடுவில் களப்பணி என்று பத்து வருடத்தை நெருங்கிவிடும். இந்தப் பாடங்களோடு மதிப்பெண் போட முடியாத ஒன்றும் கூடவே நடக்கிறது. அதை ஆன்மிக உருவாக்கம் என்பார்கள். படிக்க வந்தவரின் சொந்த விசுவாசமும் குணமும் அந்த வருடங்களில் என்ன ஆகின்றன என்பதுதான் விஷயம். இந்தக் கட்டுரை அதைப் பற்றி மட்டும்.

முதலில் வேதத்தில் இருப்பதைப் பார்த்துவிடலாம். சபையை நடத்துகிறவர் எப்படி இருக்க வேண்டும் என்று 1 தீமோத்தேயு 3-ம் அதிகாரத்தில் அப்போஸ்தலர் பவுல் எழுதுகிறார். தெளிந்த புத்தி, பொறுமை, அந்நியரை உபசரிப்பது, குடிக்காமல் இருப்பது, அடிக்கக் கைநீட்டாமல் இருப்பது, பண ஆசை இல்லாமை, சொந்தக் குடும்பத்தை நன்றாக நடத்துவது. இத்தனைக்கும் நடுவில் திறமை என்று சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: போதிக்கத் தெரிந்திருக்க வேண்டும். குரல் வளம், பாட்டு, கூட்டம் சேர்ப்பது எதுவும் அதில் இல்லை. மேடையில் தெரிவதைவிட வீட்டில் தெரிவதுதான் அதிகம். நம் பக்கம் ஒருவரை 'வல்லமையான ஊழியக்காரர்' என்று சொல்கிறோமே, அப்போது இந்தப் பட்டியலில் எதை மனதில் வைத்துச் சொல்கிறோம்? எனக்குப் பதில் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

வரத்துக்கு ஒரு வேகம், குணத்துக்கு ஒரு வேகம்

புதிதாக இதைப் படிப்பவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய வித்தியாசம் இது. 1 கொரிந்தியர் 12 வரங்களை, அதாவது ஆவியானவர் தரும் திறமைகளைப் பேசுகிறது. கலாத்தியர் 5 ஆவியின் கனியை, அதாவது அவர் உள்ளே வளர்க்கும் குணங்களைப் பேசுகிறது. அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம் என்று ஒன்பது. வரம் சீக்கிரம் வெளியே தெரியும். பதினெட்டு வயதுப் பையன் அழகாக ஜெபிப்பான், கூட்டமே கண்ணீர் விடும். அவனுடைய பொறுமை எவ்வளவு என்று தெரிய, அவன் சொன்னதை நாலு பேர் மறுத்துப் பேசும் ஒரு கமிட்டிக் கூட்டம் வேண்டும். காசு விஷயத்தில் எப்படி என்று தெரிய, காசு அவன் கைக்கு வர வேண்டும்.

கான்கிரீட் போட்ட சில நாட்களில் மேலே கை வைத்துப் பார்த்தால் கெட்டியாகத்தான் இருக்கும். அதை நம்பி சென்ட்ரிங் பலகையைப் பிரித்தால் என்ன ஆகும் என்று கொத்தனாருக்குத் தெரியும். ஊழியப் பயிற்சியின் பெரும்பகுதி அந்தப் பலகையைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைப்பதுதான். பவுலும் அதே அதிகாரத்தில், கண்காணியாக, அதாவது சபையை நடத்துகிறவராக வருபவர் 'நூதன சீஷனாயிருக்கக்கூடாது' (புதிதாக விசுவாசத்துக்கு வந்தவராக இருக்கக் கூடாது) என்கிறார். காரணத்தையும் சொல்லிவிடுகிறார்: இறுமாப்பு வந்துவிடும்.

இதை நம் மண்ணில் ஆரம்பத்திலேயே கடைப்பிடித்திருக்கிறார்கள். புராட்டஸ்டன்ட் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் ஆரோன், தமிழர். தரங்கம்பாடி மிஷனில் 1718-ல் ஞானஸ்நானம் பெற்றார். பட்டம் பெற்றது 1733 டிசம்பரில். நடுவில் பதினைந்து வருடம். அவ்வளவு காலம் வேதம் சொல்லித்தரும் உபதேசியாராக ஊர் ஊராகப் போனவர். மேலே உட்கார்ந்திருந்த ஐரோப்பியர்கள் ஓர் இந்தியருக்குப் பட்டம் கொடுக்கத் தயங்கியதும் அந்தத் தாமதத்தில் கலந்திருக்கலாம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர் எப்படிப்பட்டவர் என்று சபைக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

தரங்கம்பாடியைத் தொட்டதால் அதற்குப் பின்னால் இருக்கும் ஜெர்மன் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1675-ல் பிராங்க்பர்ட்டில் பிலிப் யாக்கோபு ஸ்பேனர் என்ற போதகர் ஒரு சின்ன நூல் எழுதினார். அன்றைய பல்கலைக்கழகங்களில் இறையியல் மாணவர்கள் வாதம் செய்யக் கற்றார்கள், குடித்துச் சண்டை போடவும் செய்தார்கள். படிப்பு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் பக்தியான வாழ்க்கை, பேராசிரியர்களே அதில் முன்மாதிரியாக இருக்க வேண்டும், மாணவர்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்து வேதத்தைத் தங்கள் வாழ்க்கைக்காகப் படிக்க வேண்டும் என்று ஸ்பேனர் வாதாடினார். அந்த எண்ணம் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வேரூன்றியது. அங்கே பிராங்கே என்ற பேராசிரியரிடம் படித்த மிஷனரி சீகன்பால்குதான் 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார். ஆக, 'ஊழியக்காரரின் சொந்த பக்தி' என்று நாம் இன்றைக்குப் பேசுவதில் ஒரு பங்கு அந்தப் படகிலேயே வந்தது. கத்தோலிக்கர்கள் இதற்கும் முன்னால், 1563-லேயே, திரெந்து நகரத்தில் ஆயர்கள் கூடிய பொதுச்சங்கத்தில் குருமாணவர்களுக்கென்று தனிக் கல்லூரி நடத்த வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டார்கள். 1992-ல் போப் இரண்டாம் ஜான் பால் எழுதிய மடல், பயிற்சியை மனிதப் பண்பு, ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப்பணி என்று நான்காகப் பார்த்தது. மனிதப் பண்பை அடித்தளம் என்றே வைத்தது. பக்தி இருந்தும் மனிதர்களோடு பழகத் தெரியாதவரைக் கண்டவர்களுக்கு ஏன் அப்படி வைத்தார் என்று விளக்க வேண்டியதில்லை.

சொந்த விசுவாசம்

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவருக்கு விசுவாசம் அம்மா வழியாக, பாட்டி வழியாக வரும். பவுலின் இளம் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கும் அப்படித்தான்: பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள். பிறகு ஒரு கட்டத்தில் அது தன்னுடையதாக வேண்டும். கல்லூரியில் அந்தக் கட்டம் அநேகமாக முதல் இரண்டு வருடத்தில் வந்துவிடும். சுவிசேஷங்கள் ஒரே சம்பவத்தை ஏன் வேறு வேறு விதமாகச் சொல்கின்றன, பைபிளின் முதல் ஐந்து புத்தகங்களான மோசேயின் ஆகமங்கள் எப்படித் தொகுக்கப்பட்டிருக்கலாம் என்றெல்லாம் வகுப்பில் பேசும்போது, ஞாயிறு பள்ளியில் கேட்ட கதையோடு வளர்ந்தவருக்குத் தலை சுற்றும். "செமினரிக்குப் போனால் இருக்கிற விசுவாசமும் போய்விடும்" என்று பெரியவர்கள் சொல்வது இதைப் பார்த்துத்தான்.

அந்தப் பயம் முழுக்கப் பொய்யில்லை, சிலருக்குப் போகவும் போயிருக்கிறது. ஆனால் வகுப்பில் கேள்வி எழாமல் வெளியே வந்தவர் என்ன செய்வார்? வியாசர்பாடியில் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய் "ஏன் பாஸ்டர்?" என்று கேட்பார், அங்கே முதன்முறையாகத் தடுமாறுவார். வேதத்திலேயே தடுமாற்றத்துக்கு இடம் இருக்கிறது. 88-ம் சங்கீதம் ஆறுதல் எதுவும் சொல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதைத் தன் ஜெபமாகச் சொல்லிப் பார்த்தவரால் அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார முடியும் என்று நினைக்கிறேன். சந்தேகம் வந்ததும் அதைச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறாரா என்பதைத்தான் ஒரு கல்லூரியைப் பற்றி நான் கேட்பேன். சொன்னால் சபைக்குச் செய்தி போய்விடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்ளும் மாணவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாமல் வரும். வேதம் வேலைக் கருவியாகிவிடும். காலையில் திறந்தால் "இதில் ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று பாயிண்ட் கிடைக்குமா" என்றே கண் ஓடும். ஜெபம் என்றால் மைக் பிடித்து மற்றவர்களுக்காகச் செய்வது என்று ஆகிவிடும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு எதுவும் குறைந்த மாதிரி தெரியாது, அதுதான் சிக்கல். இதற்குப் பழைய வைத்தியம், பிரசங்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பகுதியை எடுத்து அதிலேயே தங்குவது. நாஜி ஆட்சியின்போது ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோபர் பின்கன்வால்டேயில் நடத்திய சிறிய செமினரியில், ஒரு பகுதியை எடுத்து ஒரு வாரம் முழுக்க தினமும் அரை மணி நேரம் தியானிக்க வைத்தார். அதிலிருந்து பிரசங்கம் தயாரிக்கக் கூடாது. மாணவர்களுக்கு ஆரம்பத்தில் அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

கூட இருப்பவர்கள் பார்ப்பது

அதே பின்கன்வால்டேயில் இன்னொரு விதி உண்டு. அங்கே இல்லாத சகோதரனைப் பற்றி யாரும் பேசக் கூடாது. பேசிவிட்டால் அவரிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். கேட்கச் சின்ன விதிதான். நம் வீட்டில், நம் பாடகர் குழுவில், போதகர் ஐக்கியக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும் இடத்தில் ஒரு வாரம் கடைப்பிடித்துப் பாருங்கள். அங்கேயும் அதை அடிக்கடி மீறினார்கள், மறுபடி மறுபடி முயன்றார்கள். 1937-ல் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டாப்போ அந்த இடத்தை மூடிவிட்டது. இருந்தது இரண்டு வருடத்துக்குச் சற்று மேல்தான்.

குணத்தை வகுப்பில் சொல்லித்தர முடியாது என்று பலர் சொல்வார்கள். பாதி சரி. சாந்தத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, மெஸ்ஸில் குழம்பு தீர்ந்துபோனதற்குச் சமையல்கார அம்மாவிடம் கத்தலாம். ஆனால் அந்தக் கத்தலைப் பார்த்த ஒருவர் சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டுப் பேச முடியும். விடுதி வாழ்க்கையின் பிரயோஜனம் அதுதான். பேராசிரியருக்கு முன்னால் எல்லோரும் நல்லவர்கள். அறைத் தோழனுக்கு முன்னால், வாட்ச்மேனுக்கு முன்னால், ஜூனியருக்கு முன்னால் எப்படி என்பதையும் பார்க்க ஆள் இருக்கிறது.

கத்தோலிக்கர்களிடம் இதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. குருமாணவரின் வெளி நடத்தையைக் கவனித்து, இவருக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று சொல்லும் பொறுப்பு கல்லூரி அதிபருக்கும் ஆசிரியர்களுக்கும். மாணவர் மனதைத் திறந்து பேசும் ஆன்ம குரு வேறு ஆள். பட்டம் கொடுக்கும்போதோ வெளியே அனுப்பும்போதோ அந்த ஆன்ம குருவிடமும் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்பவரிடமும் அபிப்பிராயம் கேட்கவே கூடாது என்று திருச்சபைச் சட்டம் 240 சொல்கிறது. ஒருவர் பார்ப்பார், தீர்மானிப்பார். இன்னொருவர் கேட்பார், வாய் திறக்க மாட்டார். நம் பெந்தெகொஸ்தே, சுயாதீன சபைகளில் இந்த இரண்டு வேலையையும் பெரும்பாலும் ஒரே பாஸ்டர் செய்கிறார். பையன் தன் பலவீனத்தை அவரிடம் எப்படிச் சொல்வான்? நாளைக்கு மேடை கிடைக்காது என்று தெரிந்தால் சொல்ல மாட்டான்.

அப்புறம் களப்பணி. வார இறுதியில் மாணவரைச் சபைக்கோ ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவார்கள். காசிமேட்டுக்கு ஒருவரை அனுப்பியதாக வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அந்த மே மாதத்தில் வீட்டு ஜெபத்துக்குப் போய், கொடுப்பது விதைப்பு, பல மடங்காகத் திரும்ப வருவது அறுப்பு என்று காணிக்கைப் பிரசங்கம் செய்தால் அங்கிருக்கும் ஆயா மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருப்பார், பர்ஸில் இருக்கும் கடைசி நோட்டையும் கொடுத்துவிடுவார். பிரசங்கத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்று பார்க்கத் தெரியவில்லை. களப்பணி மேற்பார்வையாளர் கேட்க வேண்டியதும் "எத்தனை வீடு போனாய்?" என்பதல்ல, அந்த வீட்டில் என்ன பார்த்தாய் என்பதுதான். ஸ்டான்லி ஆஸ்பத்திரி வார்டிலும் அதே பாடம். வேதத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் பக்கத்தில் அவன் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான்.

பணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குணம் என்றால் மன உறுதி என்று நினைத்துக்கொள்கிறோம். பவுல் அப்படி விடவில்லை. எருசலேமுக்குக் கொண்டுபோக வேண்டிய தர்மப்பணம் சேர்ந்தபோது, யாரும் குறை சொல்லாதபடிக்கு சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் கூடவே அனுப்பினதாக 2 கொரிந்தியர் 8-ல் எழுதுகிறார். அவ்வளவு பெரிய அப்போஸ்தலர், "என்னை நம்புங்கள்" என்று சொல்லவில்லை. இன்றைக்குக் காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு யாருடைய வங்கிக் கணக்குக்குப் போகிறது? பாஸ்டரின் சொந்தக் கணக்கு என்றால் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதை மாற்ற வேண்டும். எண்ணும்போது இரண்டு பேர், எடுக்கும்போது இரண்டு கையெழுத்து. இதைப் பயிற்சிக் காலத்திலேயே பழகிய மாணவருக்குப் பிறகு அது அவமானமாகத் தோன்றாது.

நடத்தியவர் விழுந்துவிட்டால்?

இந்த இடத்தில் ஒரு கேள்வி எப்போதும் வரும். "எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாஸ்டர் பிற்பாடு தவறிப்போய்விட்டார். என் ஞானஸ்நானம் செல்லுமா?" கண்ணீரோடு கேட்பார்கள், அதனால் லேசாகத் தள்ளிவிடக் கூடாது.

கேள்வி மிகப் பழையது. 303-ல் ரோமப் பேரரசன் தியோக்கிளேசியன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தத் தொடங்கியபோது, வட ஆப்பிரிக்காவில் சில ஆயர்கள் பயந்து வேத நூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் கொடுத்த திருமுழுக்கும் (ஞானஸ்நானமும்) குருப்பட்டமும் செல்லாது என்று ஒரு பிரிவினர் சொன்னார்கள். தோனாத்தியர்கள் என்று அவர்களுக்குப் பெயர். சண்டை நூறு வருடத்துக்கு மேல் போனது. ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன் கொடுத்த பதில்தான் நிலைத்தது: திருமுழுக்கு கிறிஸ்துவினுடையது, கொடுப்பவருடையது அல்ல. ஆகவே செல்லும். 1530-ல் லுத்தரன்கள் எழுதிய ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும் ஆங்கிலிகன் (இங்கிலாந்துத் திருச்சபை) சபையின் 39 கோட்பாட்டுப் பிரிவுகளும் இதையே சொல்கின்றன. கத்தோலிக்கரும் இதில் ஒத்துப்போகிறார்கள்.

அப்படியானால் குணத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? நடத்துபவர் எப்படி இருந்தாலும் காரியம் நடந்துவிடுமே? அகுஸ்தீன் சொன்னது விசுவாசிக்கு ஆறுதல். ஊழியக்காரருக்குச் சாக்கு அல்ல. ஞானஸ்நானம் செல்லும்தான். ஆனால் அந்தக் குடும்பம் மறுபடி எந்தச் சபையின் படியையும் மிதிக்காமல் போகலாம். தன் ரகசியத்தை இனி எந்த ஊழியரிடமும் சொல்லாமல் போகலாம். அந்த இழப்பைச் சரிசெய்ய எந்த இறையியல் சூத்திரமும் கிடையாது. இது ஊழியருக்கும் தெரியும், அவரைப் பயிற்றுவித்தவருக்கும் தெரியும்.

கல்லூரிக்கே போகாதவர்கள்

மேலே சொன்னதெல்லாம் பூந்தமல்லி திரு இருதயக் குருத்துவக் கல்லூரி, கீழ்ப்பாக்கம் குருகுல், மதுரை அரசரடி இறையியல் கல்லூரி மாதிரி இடங்களுக்குப் போகிறவர்களுக்கு. வடசென்னையில் ஊழியம் செய்பவர்களில் நிறையப் பேர் அந்தப் பக்கமே போனதில்லை. பகலில் துறைமுகத்திலோ கம்பெனியிலோ வேலை, சாயங்காலம் வேத வகுப்பு, ஒரு மூத்த பாஸ்டரிடம் கூடவே இருந்து கற்றுக்கொள்வது, பிறகு தனியாகச் சபை. இதை நான் தாழ்வாகப் பார்க்கவில்லை. இயேசு பன்னிரண்டு பேரைப் பயிற்றுவித்த விதம் கல்லூரியைவிட இதற்குத்தான் கிட்டே வருகிறது. பீட்டரும் யோவானும் மீன்பிடித் துறையிலிருந்து வந்தவர்கள் என்பதைக் காசிமேட்டில் யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

இந்த வழியில் இருக்கும் ஓட்டை ஒன்றே ஒன்று: தனிச்சபை தொடங்கிய நாளிலிருந்து அவரிடம் "இது தப்பு" என்று சொல்ல ஆளில்லாமல் போவது. கமிட்டி இருக்காது, பேராயர் இருக்க மாட்டார், கணக்குக் கேட்பவர் இருக்க மாட்டார். இருப்பவர்கள் எல்லோரும் அவரால் விசுவாசத்துக்கு வந்தவர்கள், அவரை 'அப்பா' என்று கூப்பிடுகிறவர்கள். ஆகையால் தனியாகத் தொடங்குகிறவர் முதலில் தேட வேண்டியது கட்டடத்தை அல்ல. தன்னைவிட மூத்த, தன் சபையோடு பண விவகாரம் எதுவும் இல்லாத ஒருவரை மாதம் ஒருமுறை பார்த்துப் பேச ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மனைவியிடமும் பிள்ளைகளிடமும் அந்த மூத்தவர் தனியாக எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்று அனுமதி கொடுத்துவிட வேண்டும். இதைச் செய்யத் தயங்குகிறவருக்கு நான் சபை நடத்தக் கொடுக்க மாட்டேன், அவர் எவ்வளவு நன்றாகப் பிரசங்கித்தாலும்.

அக்கம்பக்கத்தாரும் இதில் உண்டு. வெளியே இருப்பவர்களிடமும் நற்சாட்சி பெற்றிருக்க வேண்டும் என்று பவுல் சொன்னது சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் இருக்கும் நம் தெருவுக்கு அப்படியே பொருந்தும். முழு இரவு ஜெபத்தில் ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம், ஞாயிறு காலை சந்தில் வண்டிகளை எப்படி நிறுத்துகிறார்கள், எதிர்வீட்டுப் பாய் நோன்பு இருக்கும்போது ஊழியர் எப்படிப் பழகுகிறார், மாரியம்மன் கோயில் திருவிழா அன்று முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறார் என்பதெல்லாம் டீக்கடைக்குத் தெரியும். மளிகைக்கடைப் பாக்கியும் தெரியும்.

கல்லூரிக்குப் போக நினைப்பவர்களுக்கும் சபைக்கும் கடைசியாக ஒரு காரியம். ஆங்கிலிகன் வழிவந்த சபைகளில் குருப்பட்டம் கொடுக்கும் அபிஷேக ஆராதனையில், இவருக்குத் தடை சொல்ல எதுவும் இருக்கிறதா என்று சபையாரிடம் கேட்பது உண்டு. அந்த நாள் வரும்போது காலம் கடந்திருக்கும். புது அங்கி தைத்தாகிவிட்டது, சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். நிஜமாகச் சொல்ல வேண்டிய நேரம், கல்லூரி விண்ணப்பத்தோடு போதகரின் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது. அது பெரும்பாலும் ஆராதனை முடிந்த அவசரத்தில், "நல்ல பையன், ஜெபவீரன்" என்று இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. இவர் சபையில் எத்தனை காலம் இருக்கிறார், சொன்ன வேலையை முடிக்கிறாரா, கண்டித்தால் எப்படி எடுத்துக்கொள்கிறார், வீட்டில் அம்மாவிடம் எப்படிப் பேசுகிறார், எந்த விஷயத்தில் இன்னும் உதவி தேவை என்று ஒரு பக்கம் எழுதினால் அங்கே இருப்பவர்களுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியும். அந்தக் கடிதத்தை மாணவரின் கையில் கொடுத்தனுப்பாமல் போதகரே நேராகக் கல்லூரிக்கு அனுப்புவது நல்லது. உள்ளதை எழுத அவருக்கும் தைரியம் வரும்.